பிறர் கழித்த ஈயம்

துப்பாக்கிக் குண்டைக் கடையில் விலை கொடுத்து வாங்காமல், ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துத் தாமே செய்துகொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் இடையறாது நடந்துவருகிறது. முதல் நூறு ஆண்டுகளில் அது பிழைப்புக்கு இன்றியமையாத வீட்டுவேலையாக இருந்தது. பிறகு ஆலைகள் பெருகவே அநாவசியமாகிப் போயிற்று. அநாவசியமான பின்னரே, வாலிபத்தில் தொடங்கியவர்கள் கண் மங்கும் வயது வரையில் விடாமல் பற்றிக்கொள்ளும் ஒரு பொழுதுபோக்காக அது வேரூன்றியது. இதன் சரித்திரத்தைத் துப்பாக்கிகளின் சரித்திரத்துக்கு அனுபந்தமாக எழுதிவைத்தவர்கள் அநேகர். எனக்கோ அது ஈயத்தின் சரித்திரமாகவே படுகிறது. குண்டு வார்ப்பவன் சுரங்கத்திலிருந்து நேரே வந்த ஈயத்தைக் கையாண்டதைக் காட்டிலும், வேறு யாரோ வேறு எதற்கோ உபயோகித்துக் கழித்த ஈயத்தைக் கையாண்டதே மிகுதியாதலால், எந்தத் தொழில் எப்போது செழித்தது, எப்போது நசித்தது என்பதை அவனுடைய உருக்குச் சட்டியை எட்டிப் பார்த்தே ஒருவாறு சொல்லிவிடலாம்.

ஈயம் என்றவுடன் நம்மவர்க்கு ரசத்துக்கு மணமூட்டும் ஈயச்சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம், வெறுஞ்சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஓடிவிடும் என்று பாட்டிமார் எச்சரிப்பதற்கேற்ப, 232 பாகை சென்டிகிரேடிலேயே அது இளகிவிடும். இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றியது. கனமும் மென்மையும் ஒருங்கே அமைந்து, 327 பாகையில், அதாவது சாதாரண விறகடுப்பின் தீயிலேயே, உருகிவிடுகிற இந்த உலோகத்துக்கு நிகராகக் குண்டு செய்வதற்கு வேறொன்று நெடுங்காலம் அகப்படவில்லை. வெள்ளீயத்துக்கும் இக்கதையில் ஒரு சிறு பாகம் உண்டு; அது பின்னால் வரும்.

நியூயார்க் நகரத்தின் தென்கோடியில் பௌலிங் கிரீன் என்னும் சிறு சதுக்கத்தில், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குதிரைமேல் அமர்ந்த கோலத்தில், பொன்முலாம் பூசிய ஈயச் சிலையாக 1770-ஆம் ஆண்டு முதல் எழுந்தருளியிருந்தார். ஜனங்களுக்கு வெறுப்பூட்டிய முத்திரைத் தீர்வையை நீக்கியதற்கு நன்றியறிதலாக நிறுவப்பட்ட சிலை அது. ஆறே ஆண்டுகளில் நன்றி வற்றிவிட்டது. 1776 ஜூலை 9-ஆம் தேதி சுதந்தரப் பிரகடனம் வாஷிங்டனுடைய படைகளுக்கு வாசிக்கப்பட்ட அன்று, கூட்டமாகத் திரண்ட ஜனங்கள் கயிறு கட்டி இழுத்து மன்னரையும் குதிரையையும் தரையில் சாய்த்தார்கள். சாய்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே நம் விஷயத்துக்கு முக்கியம். துண்டு துண்டாக வெட்டப்பட்ட சிலை கனெக்டிகட் ராஜ்யத்தில் லிட்ச்ஃபீல்ட் என்னும் ஊருக்கு, பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான ஆலிவர் உல்காட் என்பவருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே அதைக் குண்டாக வார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். யார் எத்தனை வார்த்தார்கள் என்று பலசரக்குக் கடைப் பேரேட்டைப்போல் கணக்கு எழுதப்பட்டது. அது இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. ரூத் மார்வின் 11,592. உல்காட்டின் மகள்களுள் மேரி ஆன் 10,790, லாரா 8,378. எட்டொன்பது வயதுச் சிறுவன் பிரெடெரிக் 936. இன்னும் பலர் வார்த்தவற்றையும் கூட்டி மொத்தம் 42,088 குண்டுகள். ஒரு ராத்தல் ஈயத்துக்கு இருபது குண்டு என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாயிரம் ராத்தலுக்கு மேற்பட்ட ஈயம் அந்தப் பிள்ளைகளின் கைவழியாகச் சென்றிருக்கிறது. மன்னர்பக்கம் விசுவாசம் மாறாத சிலர் வழியிலேயே சில துண்டுகளைக் கவர்ந்து வில்டன் என்னும் ஊரின் சதுப்பு நிலங்களில் புதைத்துவிட்டனர். பிற்காலத்தில் அவை ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து வெளிப்பட்டு, குதிரையின் வால் உள்பட, காட்சிசாலைக்குப் போயின. புரட்சியைப் பற்றிய புத்தகங்கள் சிலை விழுந்த காட்சியை ஓவியமாகப் போட்டு மகிழ்கின்றன. சிறுவன் பிரெடெரிக்கின் 936 குண்டுகளையே நான் பெரிதாக மதிப்பேன். எட்டு வயதுப் பிள்ளையை உருகிய ஈயத்தின் அருகே நம்பி உட்கார்த்தி வைத்தார்கள் என்றால், அந்த வேலை அக்காலத்து வீடுகளில் எவ்வளவு சர்வசாதாரணமாக இருந்திருக்க வேண்டும்!

சாதாரணமாகத்தான் இருந்தது. அக்காலத்துத் துப்பாக்கிகள் ஒரே அளவில் ஆலையில் பிறந்தவை அல்ல. ஒவ்வொரு கொல்லனும் தன் பட்டறையில் துளையிட்ட குழல் மற்றவன் துளையிட்டதினின்றும் மயிரிழையேனும் வேறுபடும். ஆதலால் துப்பாக்கியை விற்பவன் அதனுடன் அதற்கென்றே கடைந்த அச்சு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தான். பித்தளை அச்சு, இரும்பு அச்சு, நம் ஊர்ச் சமையலில் பழக்கமான மாக்கல்லில் குடைந்த அச்சு எல்லாம் உண்டு. குழலின் அளவைக் குறிப்பதற்கும் ஈயமே அலகாயிற்று: ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அது பன்னிரண்டாம் எண் குழல். வேட்டைத் துப்பாக்கிக்கு இன்றும் சொல்லப்படும் ‘டுவெல்வ் போர்’ என்ற கணக்கு இதுதான். பென்சில்வேனியாவின் ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீண்ட குழல் துப்பாக்கிகளைத் தோளில் தாங்கி மேற்குத் திசையில் குடியேறச் சென்றவர்கள், உப்பையும் மாவையும்போல் ஈயத்தையும் ஒரு மளிகைச் சாமானாகவே பாவித்தார்கள். இரவு உணவு முடிந்தபின் கணப்பில் மிஞ்சிய தணலில் நாளைக்கு வேண்டிய குண்டுகளை வார்த்துவைப்பது, மறுநாள் சமையலுக்கு அரிசி புடைத்து வைப்பதைப்போல் வீட்டுக் கடமைகளுள் ஒன்று.

இந்தப் பாவனையின் உச்சத்தை 1803-இல் காணலாம். பசிபிக் சமுத்திரம் வரையில் வழி கண்டுவருமாறு ஜனாதிபதி ஜெபர்சனால் அனுப்பப்பட்ட மெரிவெதர் லூயிஸ், பிரயாணத்துக்கான சாமான்களைப் பிலடெல்பியாவில் சேகரித்தபோது, வெடிமருந்தை மரப்பீப்பாய்களில் அடைக்காமல் ஈயத்தாலேயே 52 குப்பிகள் செய்வித்து அவற்றில் அடைத்தார். ஒவ்வொரு குப்பியிலும் நான்கு ராத்தல் மருந்து. அந்த மருந்தைச் சுட்டுத் தீர்ப்பதற்கு எத்தனை குண்டுகள் வேண்டுமோ அத்தனைக்குப் போதுமான ஈயம் குப்பியின் உடலிலேயே இருந்தது. மருந்து தீர்ந்ததும் குப்பியை உருக்கினால் குண்டு. ஆற்றில் படகு கவிழ்ந்தபோதும் குப்பிக்குள் ஈரம் ஏறவில்லை. சிந்தனையின் சிக்கனத்துக்கு இதைக் காட்டிலும் நேர்த்தியான உதாரணம் அந்த யாத்திரையில் வேறொன்றை நான் கண்டதில்லை.

இதற்கிடையே இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஈய வேலைக்காரராகிய வில்லியம் வாட்ஸ் என்பவர், பறவை வேட்டைக்குரிய சிறு ரவைகளை அச்சே இல்லாமல் செய்ய ஒரு வழி கண்டு 1782-இல் காப்புரிமை பெற்றார். உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து விழவிட்டால், விழும்போதே துளி உருண்டையாகித் தண்ணீர்த் தொட்டியில் இறுகிவிடும். இந்த யோசனை அவருக்குக் கனவில் தோன்றியதாக ஒரு கதை வழங்குகிறது. ஈயத்தோடு காலமெல்லாம் பழகிய ஒருவருக்கு அது விழித்திருக்கும்போதே தோன்றியிருக்கலாம் என்று நினைப்பதில் தவறில்லை. அமெரிக்காவிலும் ரவைக் கோபுரங்கள் எழுந்தன. மிஸிஸிபி நதிக்கரையில் ஹெர்குலேனியம் என்னும் ஊர் 1808-இல் நிறுவப்பட்டு, மறு ஆண்டிலேயே செங்குத்தான பாறையின் உச்சியில் அங்கே ரவை வார்க்கப்பட்டது. பால்டிமோரில் 1828-இல் கட்டப்பட்ட 234 அடி உயரச் செங்கற் கோபுரம் இன்றும் நிற்கிறது. ரவை வார்ப்பு அதோடு வீட்டைவிட்டு வெளியேறிவிட்டது. ஆனால் ஒற்றைக் குண்டு வெளியேறவில்லை. குழலுக்குக் குழல் அளவு வேறுபட்டிருந்த வரையில் எந்தக் கோபுரத்தாலும் அதைப் பறித்துக்கொள்ள முடியவில்லை.

பறித்தது ராணுவம். குழலின் உட்சுவரில் சுருள்கோடு வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயமே. அந்தக் கோட்டை இறுகக் கவ்வுமாறு குண்டை வாய்வழியாக இடித்துத் திணிக்க நேரமாகும் என்பதுதான் தடையாக இருந்தது. பிரெஞ்சு அதிகாரி மினியே 1849-இல் பிரசித்தப்படுத்திய குண்டு அடிப்புறத்தில் குழிவானது. சிறியதாகையால் எளிதில் உள்ளே இறங்கி, மருந்து வெடித்தவுடன் அடி விரிந்து கோடுகளைப் பற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட குண்டுக்குக் கொழுப்பும் மெழுகும் பூசியாக வேண்டும். நம் நாட்டுக்கு வந்த என்ஃபீல்ட் துப்பாக்கித் தோட்டாவின் காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவுடையதா, பன்றியுடையதா என்ற சந்தேகம் 1857-இல் எதில் போய் முடிந்தது என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. மெழுகும் எண்ணெயும் சிப்பாய்களே வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்று மேலிடம் இணங்கிவந்ததற்குள் காலம் கடந்துவிட்டது. குண்டு வார்ப்பவர்கள் இன்றும் தங்களுக்குள் ஓயாமல் வாதாடும் விஷயங்களுள் எந்தக் கொழுப்பில் எத்தனை பங்கு தேன்மெழுகு என்பது தலையாயது. அந்த வாதத்தில் ஒரு சாம்ராஜ்யமே ஆட்டங் கண்டதை அவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்ப்பார்களோ!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டுகள் ஆயுதசாலை யந்திரங்களில் அழுத்திச் செய்யப்பட்டன. எனினும் தென்னாட்டாருக்கு ஈயப் பஞ்சம் வந்தபோது, பழைய வழியே கைகொடுத்தது. மேலும் கீழும் நகரும் ஜன்னல்களைச் சமன் செய்யச் சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கவிடும் எடைக்கட்டிகள் அக்காலத்து வசதியான வீடுகளில் ஈயத்தால் ஆனவை. சார்ல்ஸ்டன் நகரத்து ஜன்னல் எடைகளிலிருந்து மட்டும் 2,00,000 ராத்தல் ஈயம் கிடைத்ததாகவும், மொபீல் நகரத்துத் தண்ணீர்க் குழாய்கள் அதற்குக் குறையாமல் தந்ததாகவும் அத்தரப்பின் ஆயுத இலாகா தலைவர் ஜோசையா கோர்காஸ் எழுதிவைத்திருக்கிறார். மன்னரின் சிலைக்குப் பிறகு மாளிகைகளின் ஜன்னல்கள்!

போர் முடிந்தபின் பித்தளைத் தோட்டா பரவிற்று. மருந்தும் குண்டும் வெடியூட்டும் மூடியும் ஒரே கூட்டில் அடங்கிய பின், வீட்டு வார்ப்புக்கு வேலை இராது என்றே யாரும் எண்ணுவர். நடந்தது வேறு. வெந்துபோன மூடியை மாற்றி, புது மருந்திட்டு, புதுக் குண்டைச் செருகினால் அதே பித்தளைக் கூடு பலமுறை உதவும் என்பது ரயில் எட்டாத சமவெளிகளில் பெரிய லாபமாயிற்று. 1870-களில் காட்டெருமை மந்தைகளைத் தோலுக்காக அழித்த வேட்டைக்காரர்கள் ஈயத்தையும் மருந்தையும் மொத்தமாக வண்டியில் ஏற்றிப்போய், பகலில் சுட்டதை இரவில் முகாம் தீயருகே திரும்பவும் வார்த்தார்கள். அந்தக் கொலைத்தொழிலைப் புகழ எனக்கு நாவெழவில்லை. வீட்டு வார்ப்புக் கலையை நவீனத் தோட்டாவோடு இணைத்து உயிர்பிழைக்கச் செய்தவர்களுள் அவர்களும் அடங்குவர் என்பதை மட்டும் மறைக்க இயலாது.

1884-இல் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ என்பவர் ‘ஐடியல்’ என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கி, பாக்குவெட்டியைப் போன்ற ஒற்றைக் கைக்கருவியின் ஒரு முனையில் வார்ப்பச்சையும் மறு பாகத்தில் தோட்டாவை மூடும் சாதனத்தையும் அமைத்து விற்றார். கருவியோடு அவர் வெளியிட்டுவந்த கையேடு அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகச் சென்றுகொண்டிருந்த ஒரு வித்தை, எந்தக் கலவைக்கு எந்தக் கடினம், எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று சாஸ்திரமாக அச்சேறிற்று. பார்லோவின் கம்பெனி பின்னால் கைமாறிக் கைமாறி 1925-இல் லைமன் கம்பெனியிடம் வந்தது. அச்சுகளுக்கு இடப்பட்ட எண் முறை அப்படியே நிலைத்துவிட்டது: 429421 என்றால் முதல் மூன்று இலக்கம் அங்குலத்தில் குண்டின் விட்டம், .429, பின் மூன்று இலக்கம் வடிவத்தின் வரிசை எண். சில கிழவர்கள் தங்கள் பேரக்குழந்தைகளின் பிறந்த நாளை மறந்தாலும் இந்த எண்களை மறப்பதில்லை.

பெரிய ஆபத்து புகையற்ற வெடிமருந்தின் உருவில் வந்தது. 1880-களில் பிரான்ஸில் தோன்றிய இந்த மருந்து குண்டுக்குக் கொடுத்த வேகத்தை வெறும் ஈயம் தாங்கவில்லை. பின்னாலிருந்து தள்ளும் வாயு அதன் அடியை அரித்துக் கருக்க, குழலின் சுவரெல்லாம் ஈயம் அப்பிக்கொண்டது. தாமிர உறை போட்ட குண்டு பிறந்தது. ராணுவங்கள் எல்லாம் அதற்கு மாறின. வீட்டு அடுப்பில் உறை போட வழியில்லை. குண்டின் அடியில் சின்னஞ்சிறு செம்புத் தொப்பி ஒன்றை மாட்டி வாயுவைத் தடுக்கும் உபாயத்தை ஐடியல் கம்பெனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொணர்ந்து, வித்தையை ஒருவாறு காப்பாற்றியது. ஆயினும் அதன் பிறகு ஈயக் குண்டு வார்ப்பவன் அவசியத்துக்காக வார்க்கிறான் என்று யாரும் சொல்ல முடியாது. அபிமானத்துக்காக வார்த்தான்.

அபிமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாஸசூஸெட்ஸில் மில்ஃபோர்ட் என்ற ஊரில் வாழ்ந்த பிராங்க்ளின் மான் சாட்சி. வைத்தியம் படித்தவர்; எலும்பு நறுக்கும் யந்திரம் செய்து விற்றுச் சம்பாதித்தவர்; சம்பாதித்ததையும் ஆயுளில் பெரும்பகுதியையும், ஒரே துப்பாக்கியில் ஒரே மாதிரியாக இட்ட இரு குண்டுகள் ஏன் ஒரே இடத்தில் படுவதில்லை என்ற ஒரே கேள்விக்குச் செலவிட்டார். காற்றின் சேஷ்டையைத் தவிர்க்க மூடிய பாதை கட்டினார். மனிதக் கையின் நடுக்கத்தைத் தவிர்க்கக் குழலை அசையாத பீடத்தில் பொருத்தினார். வார்த்த குண்டுகளை வேண்டுமென்றே ஊனப்படுத்திச் சுட்டுப் பார்த்தார். மூக்கு நசுங்கிய குண்டு அவ்வளவாக வழி தவறவில்லை. அடிவிளிம்பில் சிறு பங்கம் பட்ட குண்டு வெகுவாக விலகிற்று. அடி செம்மையாக இருக்க வேண்டும் என்னும் இந்த முடிவை 1909-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஏராளமான படங்களோடு நிறுவினார். நுனியின் அழகில் மயங்கியிருந்தவர்களுக்கெல்லாம் அது புதிய திருஷ்டியைத் தந்தது.

அதே காலத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் பீரும் வாத்தியமும் குடும்பமுமாகக் கூடி நடத்திய 200 கஜப் போட்டிகளில், நின்றபடி சுடும் கலை வளர்ந்தது. அவர்களுக்குக் குழல் செய்து கொடுத்தவர்களுள் தலைசிறந்தவரான ஹாரி போப் 1861-இல் பிறந்து 1950 வரை வாழ்ந்தார். குழலோடு அதற்குரிய அச்சையும் அவரே கடைந்து கொடுத்ததால், முற்காலத்துக் கொல்லனின் சம்பிரதாயம் அவரிடத்தில் மீண்டும் தழைத்தது எனலாம். சான் பிரான்சிஸ்கோவில் அவர் திறந்த பட்டறையை 1906-ஆம் ஆண்டுப் பூகம்பம் கொண்டுபோயிற்று. கிழக்கே திரும்பிவந்து ஜெர்ஸி சிட்டியில் தள்ளாத வயது வரை அதே வேலையைச் செய்தார்.

வார்ப்பு வேலையைச் சிறிது கிட்ட நின்று பார்ப்போம். இரும்புச் சட்டியில் ஈயம் உருகியதும் மேலே சாம்பல் நிற ஏடு படரும். அதை வழித்தெறிபவன் கற்றுக்குட்டி; அந்த ஏட்டில் வெள்ளீயமும் கலந்திருக்கிறது. தேர்ந்தவன் பட்டாணி அளவு தேன்மெழுகைப் போட்டுக் கிளறுவான். குப்பென்று புகை எழும், தீக்குச்சி கிழித்துக் காட்டினால் புகை எரிந்து அடங்கும், ஏடு உலோகமாக மாறிக் கீழே இறங்கி, அசல் அழுக்கு மட்டும் கருந்தூளாக மேலே மிதக்கும். பிறகுதான் வழிக்க வேண்டும். சட்டியின் முகம் அப்போது புதுக் கண்ணாடியைப்போல் பளபளக்கும். இரு பாதிகளாகத் திறக்கும் அச்சுக்குப் பிடி மரத்தினால் ஆனது. மேலே துளையிட்ட தகடு ஒன்று பக்கவாட்டில் நகரும். துளை வழியாக ஊற்றியதும் மேலே சிறு குமிழ்போல் மிஞ்சி நிற்கும் ஈயம் சட்டென்று மினுக்கம் இழந்து மங்கும். அந்தக் கணம் வரை பொறுத்து, மரச்சுத்தியால் தகட்டைத் தட்டினால் மிஞ்சியது அறுபட்டு விழும். அச்சைத் திறந்தால் குண்டு மடித்துப் போட்ட துணியின்மேல் விழும். அச்சில் சூடு போதாதிருந்தால் குண்டின் மேனி கிழவியின் கன்னம்போல் சுருங்கியிருக்கும். சூடு மிகுந்தால் பனி பெய்ததுபோல் வெளுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள நிலையைக் கைதான் அறியும். அதனால்தான் முதலில் விழும் பத்திருபது குண்டுகளை யாரும் பார்ப்பதுகூட இல்லை. நேரே சட்டிக்குத் திரும்பிவிடும்.

வெள்ளீயத்தின் வேலை அச்சின் ஒவ்வொரு மூலையையும் ஈயம் சென்று நிரப்பச் செய்வது. கடினம் தருவது ஆன்டிமனி. 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி என்பது லைமன் கம்பெனி பெயரால் வழங்கும் பிரசித்தமான கலவை. ஐடஹோவின் மாட்டுப்பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத், பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பதையே விரும்பினார். தோள்விளிம்பும் தட்டை மூக்குமாக அவர் வரைந்த குண்டுதான் மேலே சொன்ன 429421. கிராமத்து வார்ப்புச் சட்டியில் அவர் செய்துவந்த பரீட்சைகளின் பலனாகவே பெரிய கம்பெனிகள் 1956-இல் .44 மாக்னம் என்ற தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தன. பொழுதுபோக்கு ஆலைக்குப் பாடம் கற்பித்த சந்தர்ப்பங்களுள் இது ஒன்று.

இனி ஈயம் வந்த வழி. ஆன்டிமனி கலந்த ஈயம் எங்கே மலிவாகக் கிடைக்கும்? நம் ஊர்க் கம்பாஸிடர் கேஸிலிருந்து பொறுக்கிய எழுத்தும் இதே மூன்று உலோகங்களின் கலவைதான். அமெரிக்கச் செய்தித்தாள்களோ 1886 முதல் வரிவரியாக எழுத்தை வார்க்கும் லைனோடைப் யந்திரத்தைக் கொண்டு இயங்கின. அதற்குரிய உலோகம் 84 சதவிகிதம் ஈயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். 1970-களில் ஒளி அச்சுக்கோப்பு வந்ததும் நாடெங்கும் அச்சுக்கூடங்கள் தங்கள் உலோகத்தைக் கழிக்கலாயின. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் கடைசி முறையாகச் சூட்டு உலோகத்தில் கோக்கப்பட்டபோது, அச்சுத்தொழிலாளர்கள் கண் கலங்கினார்கள். வார்ப்புக்காரர்கள் சாக்குகளோடு பின்வாசலில் நின்றார்கள். நேற்றைத் தலையங்கம் இன்று போட்டிக் குண்டாயிற்று. வார்ப்புக் குண்டுப் போட்டிகளுக்கென்றே ஒரு சங்கம் 1976-இல் அமைந்தது. அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின் கர்னல் ஹாரிஸன், தேன்மெழுகோடு அலாக்ஸ் என்ற ரசாயனப் பசையைச் சரிபாதியாகக் கலந்த மசகைப் பரப்பினார். அந்தப் பத்தாண்டைப் பொற்காலம் என்று பழையவர்கள் சொல்வதில் மிகையில்லை.

அச்சுலோகம் தீர்ந்தபின் மோட்டார்க் கொட்டகைகள் கைகொடுத்தன. வீல் பாலன்ஸிங் செய்யும்போது ரிம்மின் ஓரத்தில் மாட்டும் ஈயத்துண்டு சிறிது ஆன்டிமனி கலந்தது. டயர் மாற்றும் கடைகளில் வாளி வாளியாகக் குப்பையில் கிடந்தது. கடைக்காரருக்கு ஒரு பொட்டலம் பலகாரம் கொடுத்து ஒரு வாளி ஈயம் பெற்றுவந்த காலம் அது. ஐரோப்பா 2005-இலும் காலிபோர்னியா 2010-இலும் ஈய எடைகளைத் தடுத்தன. இரும்பும் துத்தநாகமும் அந்த இடத்தைப் பிடித்தன. துத்தநாகம் ஒரு சட்டியில் கரைந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயம் முழுவதும் அச்சில் சரியாக நிரம்பாமல் பாழாகும். 419 பாகையில்தான் அது உருகும் என்பதால், தீயை அடக்கி வைத்து, மிதக்கும் துண்டுகளைக் கரண்டியால் தூக்கியெறிவார்கள். சந்தேகம் வந்தால் இடுக்கியால் கடித்துப் பார்ப்பார்கள்.

தடைகளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஈயம் விஷம், அதை உருக்கும்போது எழும் ஆவியைவிட, கையில் ஒட்டிய தூள் சோற்றோடு உள்ளே போவதே பெருங்கேடு. உருக்குமிடத்தில் தின்பதும் புகைப்பதும் கூடாது, வேலை முடிந்ததும் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சட்டியில் விழக்கூடாது, விழுந்தால் நீராவி வெடித்து ஈயம் முகத்தில் தெறிக்கும் என்பனவெல்லாம் இன்று முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. பிரெடெரிக்குக்கு இவற்றை யாராவது சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். ஈயக் குண்டு பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்று காண்டோர்க் கழுகுகள் மாண்டதால், 2019 முதல் காலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டே விலக்கப்பட்டது. 2013 முடிவில் ஹெர்குலேனியத்து உருக்காலையும் மூடப்பட்டது. தாதுவிலிருந்து ஈயம் பிரித்த கடைசி அமெரிக்க ஆலை அதுவே.

சிலையும் ஜன்னல் எடையும் அச்செழுத்தும் சக்கர எடையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்துவிட்ட நிலையில், வார்ப்புக்காரர்களுக்குக் கொடையாளியாக எஞ்சி நிற்பவர்கள் அவர்களேதான். சுடும் மைதானங்களில் இலக்குக்குப் பின்னே குவித்துள்ள மண்மேட்டைச் சலித்து, நசுங்கிக் கிடக்கும் பழைய குண்டுகளைப் பொறுக்கி, சட்டியில் இட்டு, மேலே மிதக்கும் தாமிர உறைகளை வழித்து, அடியில் தங்கும் ஈயத்தைக் கட்டிகளாக வார்த்து வைக்கிறார்கள். அதில் எவருடைய கலவை எத்தனை பங்கு என்று சொல்வாரில்லை. ஆகவே சித்திரக்காரர்களின் பென்சில்களை மென்மையிலிருந்து கடினம் வரை வரிசையாக வாங்கி வைத்துக்கொண்டு, எந்தப் பென்சில் கட்டியைக் கீறுகிறது, எது கீறாமல் வழுக்குகிறது என்று பார்த்துக் கடினத்தை மதிப்பிட்டு, கட்டியின்மேல் சுண்ணக்கட்டியால் குறித்து அடுக்குகிறார்கள்.